கதவுக்குள் மழை

முதலில் அந்தச் சத்தம்தான் நினைவுக்கு வருகிறது. திருக்கழுக்குன்றத்தில் சங்குதீர்த்தக் குளத்தை ஒட்டிய வளைவில் காரைத் திருப்பியபோது, என் வலது முழங்கைக்குக் கீழே, கதவுக்குள் எங்கோ, தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடியது. பாதி நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருவர் சட்டென்று திரும்பினால் வருமே, அந்தச் சத்தம். பிரேக் பிடித்தால் முன்னால் ஓடியது. வண்டியைக் கிளப்பினால் பின்னால் ஓடியது. மழை நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. பின் இருக்கையில் இருந்த என் மகள், அப்போது இரண்டாம் வகுப்பு, “அப்பா, கதவுக்குள்ள மீன் இருக்கா?” என்று கேட்டாள். மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாங்கி ஐந்து மாதமே ஆன புதுக் கார் அது. அதன் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருந்தேன். கதவுக்குள் தண்ணீர் ஓடுவதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

கல்பாக்கத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. ஒரு முள் எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கிறது, இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று எழுதி வைப்பதுதான் என் பிழைப்பு. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. காருக்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தேன். எத்தனை கிலோமீட்டரில் எந்தச் சத்தம் வந்தது, எந்தச் சக்கரத்தில் காற்று குறைந்தது, எல்லாம் அதில் இருக்கும். அன்றைக்கு எழுதியது: “வலது முன்கதவு. உள்ளே நீர். காரணம் தெரியவில்லை.” அந்தக் கடைசி வாக்கியம் முழு உண்மையல்ல. குளத்து வளைவைத் தாண்டும்போதே காரணம் எனக்கு லேசாகப் பிடிபட்டிருந்தது. அதை எழுத மனம் வரவில்லை, ஏனென்றால் அந்தக் காரணம் என் மாமா.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். கருங்குழியில் வீடு. சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்த அந்த அமெரிக்கக் கார் தொழிற்சாலையில், அது ஆள் எடுக்கத் தொடங்கிய காலத்திலேயே சேர்ந்தவர். சாம்பல் நிறச் சட்டை, பையில் அடையாள அட்டை, விடிவதற்குள் வாசலுக்கு வரும் கம்பெனி பஸ். எங்கள் குடும்பத்தில் அதுவரை எல்லோரும் ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள். வெளிநாட்டுப் பெயர் கொண்ட கம்பெனிக்குப் போன முதல் ஆள் அவர்தான். பெண் பார்க்க வந்த அன்று என் அப்பா அவரைப் பற்றி வேறெதுவும் விசாரிக்கவில்லை. “காரு செய்யறவரு” என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

மாமா கார் செய்யவில்லை. காரின் இடது முன் இருக்கையைப் பொருத்தினார். நூறு வருடத்துக்கு மேல் பழைய கம்பெனி அது. வேலை ஆளைத் தேடி நகர்ந்து வரும், ஆள் நின்ற இடத்திலேயே நின்று ஒரே காரியத்தைச் செய்வான் என்ற முறையை ஊருலகத்துக்கெல்லாம் பழக்கிய கம்பெனி. நகரும் பட்டையின் மேல் வண்டிக்கூடு வரும், மேலிருந்து இருக்கை இறங்கும், அதை உள்ளே செலுத்தி, அடியில் இருக்கும் வயரைச் செருகி, நான்கு போல்ட்டை முடுக்குவார். அடுத்த கூடு வந்து நிற்கும். வலது இருக்கையை எதிர்ப்பக்கம் இன்னொருவர் போடுவார். கதவு போடுகிறவர்கள் வேறு கூடத்தில் இருந்தார்கள், எஞ்சின் எங்கே ஏறுகிறது என்பதை மாமா சேர்ந்து இரண்டு வருடம் கழித்துத்தான் பார்த்தாராம். இதையெல்லாம் அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார், மறைத்ததில்லை. ஆனால் சொந்தக்காரர்கள் யாரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. கார் கம்பெனியில் இருக்கிறவருக்குக் கார் தெரியும். அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

ஆகவே எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டானது. யார் கார் வாங்கினாலும், பழையதோ புதியதோ, மாமா வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அவர் வண்டியை ஒரு முறை சுற்றி வருவார். முன் மூடியைத் திறக்கச் சொல்லி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எஞ்சினைப் பார்ப்பார். பிறகு கதவைத் திறந்து, காதைச் சற்றுச் சாய்த்து, மூடுவார். அவர் கம்பெனி வண்டி என்றால் அந்தச் சத்தமே அவருக்குப் போதும். “கேட்டியா, பீரோ மூட்ற மாரி கீது பாரு. இத்த மாரி வேற எவன் போட்றான்?” என்பார். அது உண்மைதான். அந்தக் கதவுகள் கனமானவை. பொத்தேரியில் மாணவர்களுக்கு மெஸ் நடத்தும் என் சித்தப்பா மகன், அந்தக் கம்பெனியின் சின்னக் காரில் வெங்காய மூட்டையும் கேஸ் அடுப்பும் ஏற்றிப் பல வருடம் ஓட்டினான், வண்டி முனகவில்லை. ஏ.சி. போட்டால் சினிமா கொட்டகை மாதிரி குளிரும் என்றான். ஒரு கண்ணாடி உடைந்தால் ஸ்பேர் வர மூன்று வாரம் ஆகிறது என்றும் சொன்னான். அதை அவன் கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னபோது, எதிரே உட்கார்ந்திருந்த மாமாவின் முகம் சுருங்கியது. கண்ணாடி செய்வதும் அவர் இல்லை, அனுப்புவதும் அவர் இல்லை. ஆனாலும் இலையைப் பார்த்துக்கொண்டே, “நான் சொல்லி பாக்கறேன் மச்சான்” என்றார். யாரிடம் சொல்லியிருப்பார் என்று இப்போது யோசிக்கிறேன்.

நான் கார் வாங்க முன்பதிவு செய்தபோது வேறு கம்பெனியை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு ஒதுக்கிய வண்டியின் சேஸிஸ் எண் வந்ததும் மாமா அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனார். ஒன்பது நாள் கழித்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. “மச்சான், உன் வண்டி இப்பதான் என்னாண்ட வந்துச்சி. வெள்ள கலரு. சீட்டு என் கையாலதான் போட்டேன். ரெண்டு வாட்டி தொட்டு பாத்துட்டு வுட்டேன், பின்னால வந்துகினு இருந்த வண்டி நின்னுடுச்சி, சூப்பர்வைசரு திட்றாரு.” பின்னணியில் யாரோ உண்மையாகவே திட்டிக்கொண்டிருந்தார்.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் கருங்குழியிலிருந்து பஸ் பிடித்து வந்தார். சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய எங்கள் குடியிருப்பிலிருந்து கடல் நடந்து போகும் தூரம். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேஸ் அடுப்பின் கால், எதுவானாலும் இரண்டு மழைக்காலத்தில் செம்மண் நிறமாகிவிடும் ஊர். மாமாவுக்கு அந்தக் கவலை. செங்கல்பட்டில் ஹார்டுவேர் கடையில் ஒரு கறுப்புப் பசைக் குழாய் வாங்கி வந்திருந்தார். வண்டிக்கடியில் பழைய பாயை விரித்துப் படுத்தார். கதவுகளின் அடி விளிம்பில் விரல் நகம் நுழையும் அளவுக்குச் சிறு துளைகள் இருந்தன. “கடல் காத்து இதுல பூந்துதான் உள்ளேந்து அரிக்கும். கம்பெனிக்காரன் அமெரிக்கால உக்காந்துகினு கீறான், அவனுக்கு நம்ம சதுரங்கப்பட்டினம் காத்து தெரியுமா? நான் அடைச்சி குட்த்துட்டு போறேன்” என்றார். நான்கு கதவுகளையும் அடைத்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான்தான் டார்ச் பிடித்தேன். ஒவ்வொரு துளையையும் அடைத்த பிறகு விரலால் வழித்து, நல்ல துணியால் ஓரம் துடைத்தார். சட்டை முதுகெல்லாம் மண். எந்தக் கருவியிலும் காரணமில்லாமல் ஒரு துளை இருக்காது என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அது எதற்கு மாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கார் செய்கிறவரிடம் எப்படிக் கேட்பது?

தண்ணீர்ச் சத்தம் கேட்ட மறுநாள், செங்கல்பட்டு பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பாயிடம் வண்டியைக் கொண்டுபோனேன். ஐம்பது வயது மெக்கானிக், பேச்சில் யாருக்கும் சலுகை இல்லை. அவர் அட்டையை விரித்துப் படுத்து, ஸ்க்ரூ டிரைவரின் முனையால் ஓர் இடத்தைக் குத்தினார். கறுப்புப் பசை உரிந்து வந்ததும் தண்ணீர் கம்பியாக இறங்கி அவர் கைமுட்டி வரை நனைத்தது. பாய் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா சார் இது, கதவா கெணறா?”

நனைந்த கையை உதறிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

“எந்த அறிவாளி சார் இத்த அடைச்சது?”

“நான்தான் பாய்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “படிச்சவரு நீங்க. மழ பேஞ்சா கண்ணாடி ஓரமா தண்ணி உள்ள எறங்கத்தான் செய்யும். எறங்கி, இந்த ஓட்ட வழியா வெளிய பூடும். அதுக்குன்னுதான் வெச்சிகீறான். வூட்டு சாக்கடைய அடைச்சிட்டு வூட்ட காப்பாத்தறேன்னு சொல்லுவீங்களா? அந்த மாரி கீது உங்க வேல.” பிறகு டார்ச்சைப் பிடித்து உள்ளே காட்டினார். ஐந்து மாத வண்டியின் கதவடியில் துரு ஏற்கெனவே சிவந்திருந்தது. சுரண்டி, மெழுகு அடித்து, நான்கு கதவுகளின் துளைகளையும் திறந்து கொடுத்தார். கிளம்பும்போது, “சார், இனிமே வண்டில இன்னா அடைக்கணும்னு தோணிச்சுன்னாலும் என்னாண்ட ஒரு போன் போட்ருங்க” என்றார்.

நோட்டில் எழுதினேன்: “நான்கு கதவுகளின் வடிகால் துளைகளும் திறக்கப்பட்டன.” யார் அடைத்தது என்று எழுதவில்லை. அதுவும் அந்த நோட்டில் நான் தெரிந்தே விட்ட வெற்றிடம்தான்.

மாமாவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். பொங்கலுக்கு அவர்கள் வந்தார்கள். பெரியப்பா குடும்பமும் வந்திருந்தது. சாப்பிட்டு முடித்ததும் மாமா எல்லோரையும் வாசலுக்குக் கூட்டிவந்து, என் கார்க் கதவைத் தட்டிக் காட்டினார். “கடலாண்ட நிக்கிற வண்டி. ஒரு பொட்டு துரு கீதா பாருங்க. அடியில நம்ம வேல.” என் பக்கம் திரும்பி, “இன்னா மச்சான்?” என்றார். பெரியப்பா, அக்கா, குழந்தைகள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவின் முகத்தில் இருந்த பெருமையையும் நான் பார்த்தேன். “ஆமாம் மாமா” என்றேன். அடுத்த பொங்கலுக்கும் அதுவே நடந்தது. பிறகு அது பண்டிகையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. நல்லவேளையாக, மற்ற சொந்தக்காரர்கள் எல்லாம் கடலிலிருந்து தள்ளி இருந்தார்கள். வேறு யார் வண்டிக்கும் அவர் பசைக்குழாயைத் தூக்கவில்லை. ஆகவே என் பொய் யாருக்கும் கெடுதல் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்தது. அவர் மானத்தைக் காப்பதாகக்கூட நினைத்துக்கொண்டேன். உண்மையில், அவர் முகம் சுருங்குவதைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

பிறகு கம்பெனி இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போகிறது என்ற செய்தி வந்தது. மாமா ஷிப்ட் முடிந்து திரும்பும் பஸ்ஸில், பக்கத்தில் இருந்தவரின் செல்போனில் அதைப் படித்தாராம். கருங்குழியில் இறங்க வேண்டியவர் அச்சிறுப்பாக்கம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார் என்று அக்கா சொன்னாள். அதற்குப் பிறகு தொழிற்சாலை வாசலில் போராடி உட்கார்ந்த நாட்கள், பேச்சுவார்த்தைகள், மீண்டும் வேலை, மீண்டும் உட்கார்தல் என்று மாதங்கள் ஓடின. கடைசி வண்டி வந்த அன்றும் மாமா தன் இடத்தில்தான் இருந்தார். நான்கு போல்ட்டையும் முடுக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் பின்னால் பட்டை காலியாக ஓடிக்கொண்டிருந்தது என்று சொன்னார். அதைப் பற்றி அவர் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான்.

வேலை போய் வீட்டில் இருந்த நாட்களில் விடியுமுன் விழிப்பு வந்துவிடும். எழுந்து, சவரம் செய்து, வாசலுக்குப் போய்விட்டு உள்ளே வருவாராம். சொந்தக்காரர்களின் குரலும் மாறியது. முன்பு கார் வாங்க ஆலோசனை கேட்டவர்கள், இப்போது “உங்க கம்பெனி வண்டிய எங்க தலையில கட்டிட்டு அவன் பூட்டான், இனிமே ஸ்பேருக்கு எங்க போறது?” என்று கேட்டார்கள். ஸ்பேரும் கிடைத்தது, சர்வீஸும் நடந்தது, அது வேறு விஷயம். ஆனால் கேள்வி மாமாவிடம் கேட்கப்பட்டது. பெரியப்பா மகன் புதுக் கார் வாங்கியபோது அவரைக் கூப்பிடவில்லை. கோயில் வாசலில் மாலை போட்டு நின்ற அந்த வண்டியை மாமா எல்லோருக்கும் பின்னால் நின்று பார்த்தார். கதவைத் தொடவில்லை.

கம்பெனி கொடுத்த செட்டில்மென்ட் பணம் கைக்கு வந்த சில வாரங்களில், ஒரு நாள் காலை போன் செய்தார். குரலில் பழைய உற்சாகம். மாமல்லபுரத்துக்கு முன்னால் பூஞ்சேரியில் ஒரு தகர ஷெட்டு வாடகைக்கு வருகிறது, பார்க்க வா, வண்டியை எடுத்துக்கொண்டு வா என்றார். போனேன். திருக்கழுக்குன்றம் சாலையும் கடற்கரைச் சாலையும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நல்ல அகலமான ஷெட்டு. மாமா என்னை உள்ளே அழைத்துப்போய்ச் சுவர் சுவராகக் காட்டினார். இங்கே ஜாக்கி, இங்கே கம்ப்ரஸர், இங்கே கஸ்டமர் உட்கார நாற்காலி. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பெயர்ப்பலகைக்கு அவரே எழுதியது: “கடல் காற்றுக்குக் காவல். கார் கதவு, அடிப்பாகம் அடைத்துத் தரப்படும்.”

“கோவளத்துலேந்து கல்பாக்கம் வரிக்கும் எத்தினி வண்டி கீது யோசிச்சி பாரு. அத்தினியும் உப்பு காத்துல நிக்கிது. நம்ம கைல வேல கீது, இத்தினி வருஷம் சாட்சியும் கீது.” வெளியே நின்ற என் காரைக் காட்டினார். “திறப்பு விழா அன்னிக்கு இத்த வாசல்ல நிறுத்திடு மச்சான். வர்றவன் கதவ தொறந்து பாத்துக்கட்டும். வெள்ளிக்கெழம அட்வான்ஸ் குட்த்துட்றேன்னு ஷெட்டுக்காரன்கிட்ட சொல்ட்டேன்.”

அன்று புதன்கிழமை. அக்கா மகள் அந்த வருடம் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அவர்களிடம் இருந்தது அந்த செட்டில்மென்ட் ஒன்றுதான். அது முழுவதும் போகப்போவது, முதல் மழையிலேயே ஊரிலுள்ள வண்டிகளின் கதவுகளைக் கிணறாக்கும் ஒரு தொழிலில். அதற்கு ஆதாரம் என் கார். அந்த ஆதாரத்தைச் செய்து வைத்தவன் நான்.

“மாமா, கொஞ்சம் கீழ குனிஞ்சு கதவோட அடியைப் பாருங்க” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டேதான் மண்ணில் முட்டி போட்டார். குனிந்து, விளிம்போரமாக விரலை ஓட்டினார். விரல் ஓர் இடத்தில் நின்றது. நகம் உள்ளே போனது. நகர்ந்து அடுத்த துளைக்குப் போனார். பின் கதவுக்குப் போனார். எழுந்து வண்டியைச் சுற்றி மறுபக்கம் போய் அங்கேயும் பார்த்தார். நான்கு கதவுகளையும் பார்த்து முடித்தார். வெள்ளைக்காரர்களை ஏற்றிய ஒரு டூரிஸ்ட் பஸ் எங்களைத் தாண்டிப் போனது.

“எப்ப எட்த்த?”

“முதல் மழையிலேயே மாமா.”

காரணத்தைச் சொன்னேன். கண்ணாடி ஓரமாக இறங்கும் தண்ணீர், அது வெளியேறும் வழி, பாய் டார்ச் அடித்துக் காட்டிய துரு. அலுவலகத்தில் ஒரு பழுதை விளக்குவது போலத்தான் எனக்குச் சொல்ல வந்தது. அவர் முன் சக்கரத்தில் சாய்ந்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“யாரு அடைச்சதுன்னு பாயி கேட்ருப்பாரே?”

“கேட்டாரு. நான்தான்னு சொல்லிட்டேன்.”

அவர் உதட்டோரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: “பொங்கலுக்கு பொங்கல் எல்லாரையும் கூட்டி வெச்சி தட்டி காட்னேனேடா. நீயும் பக்கத்துல நின்னுகினு தலையாட்டினியே.”

கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

“கதவ பத்தி எனக்கு இன்னா தெரியும்? நான் சீட்டு போட்டவன். அத்த சொன்னா எவன் கேட்டான்? சரி, தெரிஞ்ச மாரி இருந்துட்டு போவோம்னு இருந்துட்டேன்.” தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார். வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுச் செங்கல்பட்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். பின்னால் மண் ஒட்டியிருந்தது. தட்டிவிடவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. எனக்குப் போனும் செய்யவில்லை. அக்காதான் கூப்பிட்டாள். “இன்னாடா சொன்ன அவராண்ட? சோறு போட்டா பாதிலேயே எந்திரிச்சிட்றாரு. உன் பேர எட்த்தா எதுவும் பேச மாட்டன்றாரு.” நடந்ததைச் சொன்னேன். “அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு நாள் கோச்சிக்கினு இருந்திருப்பாரு, அவ்ளோதான்” என்றாள். அதையும் நோட்டில் எழுதி வைத்தேன். காரைப் பற்றிய நோட்டில் அதற்கு இடமில்லை என்றாலும்.

இன்று அந்தத் தொழிற்சாலையின் சுவரை ஒட்டி ஜி.எஸ்.டி. சாலையில் போகும்போதெல்லாம், அதற்குள் எத்தனை பேர் எத்தனை வருடம் ஒரே ஒரு காரியத்தை மட்டும் பிழையில்லாமல் செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். என் கார் இன்னும் ஓடுகிறது. கதவைச் சாத்தினால் இன்னும் பீரோ சத்தம்தான். பூஞ்சேரி ஷெட்டும் இப்போது மாமா கையில்தான் இருக்கிறது, ஆனால் அங்கே யாருடைய கதவையும் அவர் அடைப்பதில்லை. மாமல்லபுரத்துக் கடலில் குளித்துவிட்டு ஈரத்தோடு காரில் ஏறுகிறவர்கள் குறையப்போவதில்லை. அவர்கள் விட்டுப்போகும் மணலையும் உப்பையும் வாடையையும் எடுக்க, இருக்கைகளை முழுதாக வெளியே எடுத்துக் கழுவிக் காயவைத்து மாட்டித் தருகிறார். சனி, ஞாயிறுகளில் வரிசை நிற்கிறது. எப்படி ஆரம்பித்தது என்று யாராவது கேட்டால் அவர், அக்காவின் யோசனை என்பார். அக்கா, அவர் யோசனை என்பாள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

பூஞ்சேரிக்குப் போய் வந்து மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை. கதவைத் திறந்தால் மாமா நிற்கிறார், கையில் கனமான பை. உள்ளே வரவில்லை. “சாவி குடு” என்றார். கார் மூடியைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, “கொஞ்ச நேரம் அப்டியே வுடணும். சீட்டு அடில ஏர்பேக் வயரு கீது, கரண்ட் இருந்தா வெடிச்சிடும்” என்றார். அவ்வளவு நேரமும் மதிற்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இடது இருக்கையைக் கழற்றினார். நான் பார்க்கும் முன்பே அது வெளியே வந்துவிட்டது. தண்டவாளம் போன்ற அதன் பாதைகளில் ஏழெட்டு வருட மாமல்லபுரம் மணல், ஒரு பென்சில், என் மகளின் பழைய கொலுசுத் திருகு. வலது இருக்கைக்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்தது. இரண்டையும் வாசல் சிமெண்ட் தரையில் தெருவைப் பார்த்து வைத்தார். மனைவி டீ கொண்டுவந்தாள். வேறு இடம் இல்லாததால் அவர் ஒன்றிலும் நான் ஒன்றிலும் உட்கார்ந்தோம். டீ பாதி குடித்த பிறகு, “அந்த பாயி நல்ல மனுசன்யா. போய் பாத்துட்டு வந்தேன். அடைச்சது நான்தான்னு சொன்னேன்” என்றார்.

“என்ன சொன்னாரு?”

“ஒரு வண்டிய அடைக்கறதுக்கு எத்தினி பேர்யா ஒங்க வூட்லன்னு கேட்டாரு.”

இருவரும் சிரித்தோம். அந்த நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் பால் பாக்கெட்டோடு வந்து நின்றார். எங்கள் அலுவலகத்து இன்ஜினியர், திருநெல்வேலிக்காரர்.

“என்ன சார், வண்டிய அங்கன விட்டுட்டு சீட்ட மட்டும் ஓட்டிட்டு வந்துட்டியளா?”

கழுவப் போகிறோம் என்றேன். அவர் மணலைப் பார்த்தார், இருக்கையின் அடியைக் குனிந்து பார்த்தார். “நம்ம வண்டியிலயும் பிள்ளைய கடல்ல குளிச்சிட்டு அப்படியே ஏறிருதுவ. உள்ள ஒரு வாடை அடிக்கு, என்ன செஞ்சாலும் போக மாட்டேங்கு. அண்ணாச்சி அதையும் பாப்பாரா?” என்றார். அவருடையது கொரியாக் கார்.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து எதிர்வீட்டுக்குப் போனார். அந்த வண்டியின் கதவைத் திறந்து, தலையை இருக்கைக்கு அடியில் நுழைத்து, வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு வெளியே வந்தார்.

“சார், இந்த கம்பெனி வண்டில நான் கை வெச்சதில்ல. வயரு எப்டி போவுதுன்னு தெரியல. பாத்து பாத்துதான் கழட்டணும், டைம் ஆவும்.”

“ஆகட்டும். இன்னைக்கு லீவுதான” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

மாமா திரும்பி எங்கள் வாசலுக்கு வந்து பையில் கைவிட்டுத் துழாவினார். ஸ்பானருக்கும் துணிக்கும் அடியிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து, சட்டை நுனியில் துடைத்து, என் முன்னாலேயே மாட்டிக்கொண்டார். அவருக்குக் கண்ணாடி உண்டு என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது.